ரிவர்ஸ் கியர் விழவில்லை: கியர் பொக்ஸை இறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வன்னியில் ரிவர்ஸ் இல்லாத வாகனத்தோடு ஒரு நாள் ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை விளங்கும். ஒழுங்கைக்குள் புகுந்தால் திருப்ப இடமில்லை. வாய்க்கால் கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் பின்வாங்க வழியில்லை. ரிவர்ஸ் விழவில்லை என்றதும் கியர் பொக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதை இறக்கி, கிளச் தட்டையும் மாற்றி, கடைசியில் பிழை பச்சை பூத்த ஒரு சொக்கற்றில்தான் இருந்தது என்று கண்டவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். அவர்கள் செலவழித்த காசு ஒரு போக விளைச்சலில் மிஞ்சும் காசு. வாகன வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கியர் பொக்ஸை இறக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

ரிவர்ஸ் பூட்டு என்பது என்ன?

முன்னோக்கி ஓடும் வாகனத்தில் கை தவறி ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் ஏற்பாடு. முன் கியர்களுக்கு சின்க்ரோ வளையம் இருக்கிறது. சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்திய பிறகே அது கியரைச் சேரவிடும். பல கியர் பொக்ஸ்களில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் இல்லை. ஓடும்போது ரிவர்ஸ் விழுந்தால் பல் பல்லோடு நேரே மோதும், உடைந்த துண்டுகள் ஒயிலுக்குள் விழுந்து மற்ற கியர்களையும் தின்னும். ஆறு கியர் கார்களில் ஆபத்து கூடுதல்: ஐந்திலிருந்து ஆறுக்கு இழுக்கும் கை சற்று விலகினால் பக்கத்தில் ரிவர்ஸ் இருக்கலாம்.

என் வாகனத்தில் மின்சாரப் பூட்டு இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. நம் பக்கம் ஓடும் பழைய ஹயேஸ், டவுன்ஏஸ், மாருதி, ஆல்டோ போன்றவற்றில் தடுப்பு முழுவதும் ஸ்பிரிங்கும் இரும்பும்தான். ஐந்தாம் கியருக்கு நேர் கீழே ரிவர்ஸ் இருக்கும் கியர் பொக்ஸ்களில், ஐந்திலிருந்து நேரே கீழே இழுத்தால் விழாது. நியூட்ரலுக்கு வந்து, தண்டைச் சற்று விலக்கிவிட்டுப் போட வேண்டும். சில கார்களில் தண்டை அழுத்திப் போட வேண்டும், சிலவற்றில் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். இவற்றில் எதிலும் மின்சாரத்துக்கு வேலையில்லை.

மின்சாரப் பூட்டு வருவது ஒரு சிறு கூட்டத்தில். ஹொண்டாவின் ஆறு கியர் கார்கள் சில: எஸ்2000, ஆறு சிலிண்டர் அக்கோர்ட், சிவிக் எஸ்ஐ. டிரெமெக் டி-56 கியர் பொக்ஸ் பூட்டிய கமரோ, கொர்வெட் போன்ற அமெரிக்கக் கார்கள். ஆறு கியர் காரை வெளியிலிருந்து பாவித்த வாகனமாக வாங்கியவர்கள், இயந்திரத்தையும் கியர் பொக்ஸையும் வேறு காரிலிருந்து எடுத்துப் பூட்டியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கியர் பொக்ஸுக்குப் போகும் வயர்களைப் பின்தொடருங்கள். ஒன்று ரிவர்ஸ் லைட் சுவிச்சுக்குப் போகும். போல்ட் போலத் திருகிப் பூட்டியிருக்கும். இன்னொன்று வேக சென்சருக்கு. இவை தவிர, கியர் மாற்றும் தண்டின் பக்கத்தில் சற்றுப் பருத்த உருளை ஒன்று வயரோடு இருந்தால் அது பூட்டை இயக்கும் சொலனொயிட்டாக இருக்கக்கூடும். வாகனத்தின் கைநூலோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்துங்கள்.

மின்சாரப் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

சொலனொயிட் என்பது செப்புக் கம்பிச் சுருளும் அதன் நடுவே அசையும் இரும்புத் தண்டும். சுருளில் மின்சாரம் ஓடினால் தண்டு இழுபடும். நின்றால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதை ஈசியூ, அதாவது வாகனத்தின் கணினிப் பெட்டி, முடிவு செய்கிறது. அதற்கு ஆதாரம் வாகனத்தின் வேகம்.

இதற்கு அடுத்தது கராஜ்களிலும் குழம்பும் இடம். இந்த ஏற்பாட்டில் இரண்டு வகை இருக்கின்றன, இரண்டும் நேர் எதிர்.

முதல் வகையில் மின்சாரம் திறக்கும். சும்மா இருக்கும்போது பலமான ஸ்பிரிங் ரிவர்ஸை மறித்து நிற்கும். வாகனம் நின்றதும், அல்லது மிக மெதுவான வேகத்துக்கு வந்ததும், ஈசியூ சொலனொயிட்டுக்கு மின்சாரம் கொடுத்து வழியைத் திறக்கும். டிரெமெக் டி-56 இந்த வகை. இதில் பியூஸ் எரிந்தாலோ வயர் அறுந்தாலோ ரிவர்ஸ் கடுமையாகிவிடும். பக்கவாட்டில் முழுப் பலத்தோடு தள்ளினால் விழும், மெல்லத் தள்ளினால் விழாது.

இரண்டாம் வகையில் மின்சாரம் பூட்டும். சும்மா இருக்கும்போது வழி திறந்திருக்கும். வாகனம் வேகமெடுத்ததும் ஈசியூ மின்சாரம் கொடுத்து ரிவர்ஸை மறிக்கும். மேலே சொன்ன ஹொண்டா கார்கள் இந்த வகை. இதில் பியூஸ் எரிந்தால் ரிவர்ஸ் வழமைபோல விழும். பாதுகாப்புத்தான் இல்லாமல் போகும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியவராது. நின்ற நிலையில் ரிவர்ஸ் விழவில்லை என்றால், வரக்கூடாத நேரத்தில் சொலனொயிட்டுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே ஒரே அறிகுறிக்கு ஒரு வகையில் மின்சாரம் வராததைத் தேட வேண்டும், மற்றதில் மின்சாரம் நிற்காததைத் தேட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் மல்ரிமீற்றரைத் தொடுவதில் பயனில்லை.

பிழை மின்சாரத்திலா, கிளச்சிலா, கியர் பொக்ஸுக்குள்ளேயா என்று எப்படிப் பிரிப்பது?

திறப்பின் மூன்று நிலைகள் போதும். சமதரையில் நிறுத்தி, கை பிரேக் இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை முழுவதும் அணைத்துவிட்டு, கிளச்சை அழுத்தி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அடுத்து, இயந்திரத்தை இயக்காமல் திறப்பை ‘ஓன்’ நிலைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்றாவதாக இயந்திரத்தை இயக்கிப் போட்டுப் பாருங்கள்.

மின்சாரம் பூட்டும் வகைக் கார் என்று வைத்துக்கொள்வோம். திறப்பு அணைந்திருக்கும்போது விழுகிறது, ‘ஓன்’ செய்ததும் விழவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பிழை மின்சாரத்தில். அணைந்திருக்கும்போதும் விழுகிறது, ‘ஓன்’ நிலையிலும் விழுகிறது, இயந்திரம் ஓடும்போது மட்டும் கறகறவென்று அடிக்கிறது என்றால் கிளச் முழுவதும் விலகவில்லை. கிளச் ஒயில், மாஸ்ரர் சிலிண்டர், பெடலின் இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். திறப்பு அணைந்திருக்கும்போதே விழவில்லை என்றால் பிழை இரும்பில்: இறுகிப்போன பூட்டுத் தண்டு, விலகிய கேபிள், தேய்ந்த புஷ்.

மின்சாரம் திறக்கும் வகையில் கணக்கு வேறு. திறப்பு அணைந்திருக்கும்போது கடுமையாக இருப்பது அங்கே இயல்பு. இயந்திரத்தை இயக்கி, வாகனம் அசையாமல் நிற்கும்போது அந்தக் கடுமை தளர வேண்டும். தளரவில்லை என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது சொலனொயிட் செத்துவிட்டது.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ரிவர்ஸுக்கு சின்க்ரோ இல்லாத கியர் பொக்ஸில் பல்லின் நுனி பல்லின் நுனியோடு நேராக நின்றுவிட்டால், எந்தப் பிழையும் இல்லாமலே ரிவர்ஸ் விழாது. முதலாம் கியரில் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டோ, வாகனத்தைச் சற்றுத் தள்ளிவிட்டோ மறுபடி முயலுங்கள். ஒரு முயற்சியில் விழவில்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் நிற்கிறேன், கையில் எந்தக் கருவியும் இல்லை. எப்படியாவது ரிவர்ஸ் போட வழி இருக்கிறதா?

மின்சாரம் பூட்டும் வகையானால் இருக்கிறது. ஹொண்டாவின் கைநூல்களே இந்த வழியைச் சொல்கின்றன. முதலில் கிளச்சை அழுத்தியபடி தண்டை நியூட்ரலில் ஒன்று-இரண்டு பக்கத்துக்கு நகர்த்திவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்படியும் விழவில்லை என்றால் கை பிரேக்கை இழுத்து, திறப்பை அணைக்கும் நிலைக்கோ அக்சசரி நிலைக்கோ கொண்டுவாருங்கள். கிளச்சை அழுத்தி ரிவர்ஸ் போடுங்கள். கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் இயந்திரத்தை இயக்குங்கள். வாகனம் பின்னால் போகும்.

மின்சாரம் திறக்கும் வகையில், நின்ற நிலையில் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் போடலாம். ஓரிரு தடவைக்குச் சரி, அதையே வழக்கமாக்கினால் கியர் தண்டின் புஷ்கள் தேயும்.

இந்த வழியில் வீடு வந்து சேர்ந்தவர்கள் பிழையை மறந்துவிடுகிறார்கள். இது வீடு சேர்வதற்கான வழி. பிழை அங்கேயேதான் இருக்கிறது.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

பற்றரியிலிருந்து. இயந்திரம் நின்றிருக்கும்போது நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். இது சரியில்லாமல் மற்ற எந்த அளவையும் நம்ப முடியாது.

பிறகு பியூஸ். கண்ணால் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள்; கழற்றி மீற்றரில் வைத்துப் பாருங்கள். பியூஸ் நல்லதாக இருந்து அதன் கால்கள் நிற்கும் இடம் கறுத்திருந்தாலும் பிழைதான். எரிந்திருந்தால் அதே அளவு பியூஸையே போடுங்கள். 10 அம்பியர் பியூஸ் எரிந்த இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடுவதும் வாகனத்தைக் கொளுத்தும் வேலை. பியூஸ் மறுபடி எரிந்தால் எங்கோ வயர் உடலில் தட்டுகிறது. கியர் பொக்ஸுக்கு மேலே, சைலன்சர் குழாய் போகும் பக்கத்தில் முதலில் தேடுங்கள். வயர் தொங்கி, சூட்டில் உருகி, இரும்பில் ஒட்டியிருக்கும்.

சொலனொயிட் சொக்கற்றில் மின்சாரத்தை எப்படிப் பார்ப்பது?

சொக்கற்றைக் கழற்றியதும் மீற்றரை எடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் உள்ளே பாருங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் உள்ளே இருக்கும் பின்களின் நிலை தெரியும். நல்ல பின் மங்கலான வெள்ளியாகவோ பித்தளை நிறமாகவோ இருக்கும். நீர் புகுந்த பின்னின் அடியில் பச்சை பூத்திருக்கும், சில இடங்களில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். இரண்டு பின்களில் ஒன்று மற்றதைவிட உள்ளே போயிருந்தால் அதன் பிடி உடைந்திருக்கிறது. சொக்கற்றைப் பூட்டும்போது அது பின்னால் தள்ளுப்படும், தொட்டும் தொடாமலும் நிற்கும். நம் கிரவல் வீதிகளின் செம்மண் தூள் ஒயிலோடு கலந்து சொக்கற்றின் ரப்பர் வளையத்தில் பிசினாக அப்பியிருந்தால், அந்த ரப்பர் இனி நீரைத் தடுக்காது.

அடுத்து வயரைப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உறைக்குள் செப்பு அறுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ரப்பர் வளையம்போல நீளும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத வயர்கள் இப்படி உள்ளே அறுந்திருக்கும். கியர் பொக்ஸ் இயந்திரத்தோடு ஆடுகிறது, உடல் ஆடுவதில்லை. இடையில் போகும் வயர் வருடக்கணக்காக வளைந்து நிமிர்ந்து அதே இடத்தில் அறும்.

இனி மீற்றர். பெரும்பாலான வாகனங்களில் சொலனொயிட்டின் ஒரு வயருக்குத் திறப்பை ‘ஓன்’ செய்ததும் நேரே 12 வோல்ற் வரும், மற்ற வயரை ஈசியூ தேவையான நேரத்தில் ஏர்த்துக்கு இறக்கும். சிலவற்றில் ஈசியூ பிளஸ் பக்கத்தைக் கொடுத்து ஏர்த் நிரந்தரமாக இருக்கும். உங்கள் வாகனத்தின் வயரிங் வரைபடத்தைப் பார்த்தே எது எது என்று முடிவு செய்யுங்கள். 12 வோல்ற் வயரில் ஒன்றும் வரவில்லை என்றால் பியூஸ் பக்கம் போங்கள். வருகிறது என்றால் பாதி வேலைதான் முடிந்தது. மீற்றரைப் பொறுத்தவரை ஒரேயொரு இழை பிழைத்திருக்கும் வயரும் 12 வோல்ற்றையே காட்டும். சுமை கொடுத்தால்தான் உண்மை வெளிவரும். சொலனொயிட்டைப் பூட்டி, அது வேலை செய்யும் நேரத்தில், பற்றரியின் பிளஸ் முனைக்கும் சொலனொயிட்டின் பிளஸ் முனைக்கும் இடையே மீற்றரை வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் விழுங்கப்படுகிறது. ஏர்த் பக்கத்திலும் அதேபோலப் பாருங்கள், அங்கே 0.2 வோல்ற்றைத் தாண்டினாலே ஏர்த் போல்ட்டைக் கழற்றித் துருவையும் பெயின்றையும் சுரண்டிப் பூட்டுவது நல்லது. உடல் திருத்தி முழுப் பெயின்ற் அடித்த வாகனங்களில் ஏர்த் முனைக்கு அடியிலும் பெயின்ற் போயிருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈசியூவுக்குப் போகும் வயர்களில் பிரேக் லைட் பல்பைச் சோதனை விளக்காகப் பாவிக்காதீர்கள். 21 வாற் பல்ப் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். உள்ளே இருக்கும் சிறிய டிரான்சிஸ்டர் அதைத் தாங்காமல் போகலாம். ஈசியூ வயருக்கு மீற்றர் மட்டும்.

சொலனொயிட் நல்லதா என்று தனியாகச் சோதிக்கலாமா?

சொக்கற்றைக் கழற்றிய பிறகு அதன் இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூச்சியத்துக்கு மிக அருகில் என்றால் உள்ளே ஷோர்ட். நல்லதில் சில ஓம்களோ சில பத்து ஓம்களோ வரும். சரியான எண் அந்த வாகனத்தின் திருத்தக் கைநூலில் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் கியர் பொக்ஸின் உடலுக்கும் இடையிலும் பாருங்கள். சொலனொயிட் உடலின் வழியே ஏர்த் எடுக்கும் ஒற்றை வயர் வகையைத் தவிர, மற்றவற்றில் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது.

அளவு சரியென்றால் 5 அம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் வைத்து, பற்றரியிலிருந்து நேரே ஒரு கணம் 12 வோல்ற் கொடுங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். சத்தம் கேட்கிறது, ரிவர்ஸின் கடுமையில் மாற்றமில்லை என்றால் தண்டு முழுத் தூரம் போகவில்லை. சத்தமே இல்லை என்றால் தண்டு இறுகிவிட்டது.

நேரே மின்சாரம் கொடுக்கும்போது வாகனத்தின் வயரிங்கிலிருந்து சொலனொயிட்டைக் கட்டாயம் பிரித்திருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் சுருள் பல மடங்கு வோல்ற்றைத் திருப்பி அடிக்கும். அது ஈசியூவுக்குள் போனால் சொலனொயிட்டைத் தேடப் போய் ஈசியூவைத் தேட வேண்டிவரும். சிலவற்றின் உள்ளே டயோட் இருக்கும். பிளஸ், மைனஸ் மாறினால் டயோட் எரியும். நிறம் பார்த்துக் கொடுங்கள்.

காலையில் நன்றாக விழுகிறது. வவுனியா போய் நிறுத்தியதும் விழவில்லை. ஏன்?

மின்சாரம் திறக்கும் வகையானால், சூடு. செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். 25 பாகையில் அளந்த சுருள் 105 பாகைக்கு ஏறினால் தடை மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூடிவிடும். மின்சாரம் குறையும், இழுவை குறையும். நல்ல சொலனொயிட் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. பழைய சுருளும், மெலிந்த ஏர்த்தும், தூசியேறி இறுகிய தண்டும் சேர்ந்தால் தாங்காது. சூட்டில் விரிந்து பிரிந்து, ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும் அறுந்த சுருளும் உண்டு.

இப்படிப்பட்ட வாகனத்தைக் காலையில் கராஜில் விட்டு, மாலையில் “ஒரு பிழையும் இல்லை அண்ணை” என்ற பதிலோடு திரும்பி வருவதில் அர்த்தமில்லை. ஏ9 வீதியில் நன்றாக ஓடிவந்து, பிழை காட்டும் நேரத்திலேயே மீற்றரை வைக்க வேண்டும். இயந்திரம் சூடாக இருக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் வருகிறது.

நீர் புகுந்த சொக்கற். மாரியில் மதகுகளுக்கு மேலால் ஓடும் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால், சூடான கியர் பொக்ஸ் திடீரெனக் குளிரும். சொக்கற்றுக்குள் இருக்கும் காற்றும் சுருங்கி, நைந்த ரப்பர் வழியே நீரை உள்ளே இழுக்கும். நாயாறு, கொக்கிளாய், பூநகரிப் பக்கத்து உப்புநீரானால் செப்பை இன்னும் வேகமாக அரிக்கும். கழற்றி, கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, காயவிட்டு, ரப்பரை மாற்றிப் பூட்டுங்கள். பச்சை பூத்த வயரை நல்ல செப்பு தெரியும் வரை வெட்டி எறியுங்கள். பச்சை உறைக்குள்ளே ஒரு சாண் வரைகூட ஏறியிருக்கும்.

ஸ்பீடோமீற்றரும் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, சில வேளை முழுப் பிழையும் அங்கேதான். வாகனம் நிற்கிறதா ஓடுகிறதா என்று ஈசியூ அறிவது வேக சென்சர் சொல்வதை வைத்துத்தான். நின்ற நிலையிலும் சென்சர் வயரில் பொய்த் துடிப்புகள் வந்தால் ஈசியூ வாகனம் ஓடுவதாக எண்ணிப் பூட்டிவிடும். முள் ஆடுகிறதா, நின்ற பிறகும் பூச்சியத்துக்கு வராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பொதுவாக இந்த சென்சருக்கு மூன்று வயர்கள்: மின்சாரம், ஏர்த், துடிப்பு. சில்லைத் தூக்கி, ஜக்குக்குப் பக்கத்தில் தாங்கி வைத்து, கையால் மெல்லச் சுற்றினால் துடிப்பு வயரின் வோல்ற் ஏறி இறங்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். ஏபிஎஸ் உள்ள கார்களில் வேகம் சில்லுகளின் சென்சரிலிருந்தும் வரலாம். அங்கே அப்பிய சேற்றைக் கழுவினாலே சில வேளை சரியாகிவிடும்.

ஸ்கானர் போட்டால் தெரியாதா?

தெரியலாம். ஈசியூ பதிந்து வைத்த பிழை எண்ணை ஸ்கானர் வாசிக்கும். பி0801 என்று வந்தால் ரிவர்ஸ் தடுப்புச் சுற்றில் பிழை. பி0500 என்றால் வேக சென்சர் பக்கம். பி0704 கிளச் பெடல் சுவிச். நேரடித் தரவில் வேகம் என்ற இடத்தையும் பாருங்கள். நின்றிருக்கும்போது அது பூச்சியமாக இருக்க வேண்டும்.

ஸ்கானர் சொல்வது எந்தச் சுற்று என்பதை மட்டும். பி0801 வந்தவுடன் சொலனொயிட்டை வாங்கக் கிளம்பாதீர்கள். அறுந்த வயரும், எரிந்த பியூஸும், பச்சை பூத்த பின்னும் அதே எண்ணைத்தான் தரும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் மலிவான பொது ஸ்கானருக்கு முழுதாகப் பதில் சொல்லாமலும் விடும். எண் வரவில்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது.

ரிவர்ஸ் விழுகிறது, லைட்தான் எரியவில்லை. இதுவும் அதே பிழையா?

இல்லை, இது வேறு சுற்று. கியர் பொக்ஸில் உள்ள சுவிச்சின் இரு வயர்களையும், திறப்பு ‘ஓன்’ நிலையில், ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லைட் எரிந்தால் சுவிச் போய்விட்டது. எரியவில்லை என்றால் பல்ப், பியூஸ், ஏர்த்.

ஆனாலும் பின்னால் பார்க்கும் கமரா, ரிவர்ஸ் போட்டால் பாடும் ஹோர்ன், கூடுதல் விளக்குகள் ஆகியவற்றை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கியர் பொக்ஸுக்குப் போகும் வயர்க்கட்டில் கத்தியால் கீறி, முறுக்கி, செலோ ரேப் சுற்றியிருப்பார்கள். ரிவர்ஸ் சுற்றும் பூட்டுச் சுற்றும் ஒரே பியூஸிலிருந்து வந்தால், கமரா வயர் தட்டியதற்குப் பூட்டும் சேர்ந்து செத்துப்போகும்.

எலி வயரைக் கடித்திருக்கிறது. ஒட்டினால் போதுமா?

காலபோக அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு ஒரே கொட்டகையில் நிற்கும் வாகனங்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கியர் பொக்ஸின் மேற்பகுதி எலிக்கு வசதியான இடம்: சூடு இருக்கிறது, இருட்டு இருக்கிறது. வைக்கோலும் உமியும் அங்கே கிடந்தால் வயர்க்கட்டின் உறை முழுவதையும் பிரித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒரு கடிக்குப் பின்னால், உறைக்குள் இன்னும் சில கடிகள் இருக்கும். இரண்டு வயர்களின் உறையைத் தின்று செப்பை ஒன்றோடொன்று தொடவிட்டிருந்தால், மின்சாரம் பூட்டும் வகையில் சொலனொயிட்டுக்கு ஓயாமல் மின்சாரம் போகும். நின்ற வாகனத்தில் ரிவர்ஸ் விழாது, பியூஸும் எரியாது. தேடுபவரை அதிகம் அலைக்கழிக்கும் பிழை இதுதான்.

ஒட்டலாம், முறையாக ஒட்ட வேண்டும். அதே தடிப்பு வயர், ஈயப்பற்று, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் உறை. ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும். வாகனத்தை நெல்லிலிருந்து விலக்கி நிறுத்துங்கள்.

சொக்கற்றைக் கழற்றி அப்படியே விட்டுவிட்டால் என்ன?

மின்சாரம் பூட்டும் வகையில் கழற்றியதும் ரிவர்ஸ் விழும். அதனால் சிலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஏ9 வீதியில் முந்திச் செல்லும் நேரத்தில் ஆறைத் தேடும் கை ரிவர்ஸைத் தள்ளினால் தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பழக்கமாகியிருக்கலாம், நாளை அந்தக் காரைத் தம்பியோ மகளோ ஓட்டுவார்கள். மின்சாரம் திறக்கும் வகையில் நேரே 12 வோல்ற் கொடுத்து நிரந்தரமாகத் திறந்து வைப்பதும் அதே ஆபத்து. சுருளும் ஓயாத சூட்டில் எரியும்.

கராஜில் என்ன சொல்ல வேண்டும்?

“ரிவர்ஸ் விழவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். திறப்பின் மூன்று நிலைகளிலும் நடந்ததைச் சொல்லுங்கள். சூட்டிலா, மழைக்குப் பிறகா, ஸ்பீடோமீற்றர் ஆடியதா, அண்மையில் கமரா பூட்டினீர்களா என்று சொல்லுங்கள்.

நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரியும் உதிரிப்பாகமும் பெற்றோலும் வன்னிக்குள் வராத வருடங்களில், துளிப் பெற்றோலில் இயந்திரத்தைத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் அவர்கள். காதால் கேட்டே பிழை சொல்வார்கள். ஈசியூ உள்ள சுற்றுக்கு அந்தக் காதோடு மீற்றரும் வேண்டும். மீற்றர் வைத்துப் பார்க்காமல் “பெட்டியை இறக்க வேண்டும்” என்று சொல்லும் இடத்தில், “அண்ணை, முதலில் சொக்கற்றில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்போம்” என்று தயங்காமல் கேளுங்கள்.

பாவித்த சொலனொயிட் வாங்கலாமா?

வாங்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் கிடைத்த கார்களையே வைத்து ஓடினோம். அவற்றின் வயரும் ரப்பரும் இன்று நைந்துவிட்டன. புதிய பாகம் கிடைக்காதபோது கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்தது கிடைக்கலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் இலக்கத்தையும் சொக்கற்றின் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். மீற்றரையும் கொண்டுபோங்கள், காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஓம் அளவு எடுத்து, ‘டிக்’ சத்தத்தைக் கேட்டுவிடுங்கள். சொக்கற்றின் வால் வயரையும் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். உங்கள் சொக்கற் பச்சை பூத்திருந்தால் அதுவும் தேவைப்படும்.

கியர் ஒயில் மாற்றினால் சரியாகுமா?

மின்சாரப் பிழைக்கு ஆகாது. சொலனொயிட்டைக் கழற்றும்போது சிறிது ஒயில் வெளியே வரும்; பூட்டிய பிறகு அளவு பார்த்து, கைநூலில் சொன்ன வகை ஒயிலையே ஊற்றுங்கள், சீல் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். வெளியே வந்த ஒயிலில் இரும்புத் துகள் மின்னினால் மட்டும் கியர் பொக்ஸை இறக்குவது பற்றிப் பேசலாம்.